நள்ளிரவுக் கொத்துக்கடையும் அயலவரின் உறக்கமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒழுங்கையின் முகப்பில் உள்ள கொத்துக்கடை முன்னர் இரவு பத்து மணியளவில் மூடப்பட்டுவிடும். இப்போது அதிகாலை இரண்டு மணி வரை பார்சல் கொடுக்கிறார்கள். தட்டில் கொத்தும் சத்தமும் பாட்டும் ஒரு பக்கம், டெலிவரி மோட்டார் சைக்கிள்களும் ஒழுங்கையை மறித்து நிற்கும் ஓட்டோக்களும் மறுபக்கம். கணவர் இருதய நோயாளி. பேத்தி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கடைக்காரரிடம் பேசினோம், பொலிஸுக்கும் தொலைபேசி எடுத்தோம். அன்று மட்டும் அடங்குகிறது. மாநகர சபையைக் கொண்டு இந்தக் கடையின் அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்விக்க என்ன வழி?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: அம்மா, நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கிற வீட்டில் உறக்கம் கெடுவது சிறிய விடயமல்ல. உங்கள் முறைப்பாட்டை வெறும் அயல்வீட்டுச் சச்சரவாக எவரும் ஒதுக்கிவிடக் கூடாது. இருந்தாலும், கடையை மூட வேண்டும் என்று கேட்பதை விட, இரவு எத்தனை மணிக்குப் பிறகு எவை நடக்கக் கூடாது என்பதை நிபந்தனைகளாக எழுதித்தரும்படி சபையிடம் கேட்பதே உங்களுக்குப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கடையை முற்றாக மூடுவதற்கு எந்த அதிகாரியும் தயங்குவார். பலருடைய பிழைப்பு அதில் தங்கியிருப்பதால் தயங்குவது நியாயமும்கூட. பத்து மணிக்குப் பிறகு பாட்டு வேண்டாம், கொத்துத் தட்டை வீதியோரத்திலிருந்து உள்ளே நகர்த்துங்கள், பார்சல் எடுக்க வருபவர்கள் ஒழுங்கைக்குள் வாகனம் நிறுத்தக் கூடாது என்று கேட்டால், அதை மறுப்பதற்குத்தான் அதிகாரி காரணம் தேட வேண்டியிருக்கும்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விடயம் உண்டு. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் சாப்பாட்டுக் கடைக்கு வழங்கப்படும் வியாபார அனுமதிப்பத்திரம் நிரந்தரமானதல்ல. அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 உடன் முடிவடைகிறது. புதுப்பிக்கும் வேளையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையைப் பார்த்துக் கூறும் கருத்துக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆகவே ஆண்டின் நடுப்பகுதியிலேயே உங்கள் முறைப்பாடுகள் சபையின் கோவைக்குள் சென்று சேர்ந்திருந்தால், அடுத்த ஆண்டுக்கான அனுமதிப்பத்திரம் தயாராகும்போது அவற்றைப் பார்க்காமல் கையொப்பமிடுவது எளிதாக இராது. ஜனவரியில் புதிய பத்திரம் கடைச் சுவரில் தொங்கிய பிறகு முறைப்பாடு செய்பவருக்கு வழி இல்லாமற் போகவில்லை என்றாலும், அவர் மிகவும் வாய்ப்பான காலத்தைத் தவறவிட்டவராகிறார்.

அடுத்ததாக, உங்களுடைய தொல்லைகள் யாவும் ஒரே அலுவலகத்துக்கு உரியவையல்ல. எண்ணெய்ப் புகை, கழிவு நீர், கானில் கொட்டப்படும் மிச்சம், குப்பை ஆகியவை சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்துக்கு உரியவை. ஒழுங்கை மறிக்கப்படுவதும் பாட்டும் பொலிஸுக்கு உரியவை. ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் வழங்கப்படும் அனுமதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையான நேரத்துக்கு வழங்கப்படலாகாது என்று, குறிப்பிட்ட சில விதிவிலக்குகளுடன், உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் ஒரு வழக்கில் பணித்தது. எனவே பத்து மணிக்குப் பிறகு கடை வாசலில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவது பற்றிப் பொலிஸுக்குச் சொல்லும்போது, தயவு கேட்கும் குரலில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

தட்டில் கொத்தும் சத்தம் வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதத்தில் வர்த்தமானியில் வெளியான ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளைப் பார்க்க வேண்டும். மாநகர சபை எல்லைக்குள் அடங்கும் சாதாரணப் பகுதிகளுக்கு அவ்விதிகள் பகலில் 63 டெசிபெல், இரவில் 50 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. இரவு என்பது மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை. இருவர் அருகருகே நின்று சாதாரணமாகப் பேசுவதே ஏறத்தாழ 60 டெசிபெல் வரும் என்பதை நினைத்தால், இரும்புத் தகடுகள் இரண்டு இரும்புத் தட்டில் மோதும் ஓசை அந்த எல்லையைத் தாண்டுமா என்று கேட்க வேண்டியதில்லை. எனினும் காலி வீதியின் போக்குவரத்து இரைச்சலும் கணக்கில் எடுக்கப்படும்; பின்னணி ஒலி ஏற்கெனவே அதிகமாக உள்ள இடங்களுக்கு விதிகளில் தனி ஏற்பாடு உண்டு. உங்கள் முறைப்பாடு அதிகாலை ஒரு மணியைப் பற்றியதாக இருந்தால், அந்த நேரத்தில் காலி வீதி எவ்வளவு ஓய்ந்திருக்கிறது என்பதே உங்கள் பக்க வாதமாக அமையும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009இல் வெளியிட்ட வழிகாட்டல், உடல்நலத்தைக் காப்பதற்கு வீட்டின் வெளிப்புறத்தில் இரவு ஒலி 40 டெசிபெல்லைத் தாண்டாதிருப்பதே நல்லது என்கிறது. அது எமது சட்டமல்ல. ஆயினும் உங்கள் கணவரின் வைத்தியர் தரும் கடிதத்துடன் சேர்த்துக் குறிப்பிடத் தக்கது.

இனி, சான்றுகள். "ஒவ்வொரு நாளும் விடிய விடியச் சத்தம்" என்று எழுதப்பட்ட கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. ஒரு கொப்பியில் திகதி, நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றை நான்கைந்து வாரங்களுக்கு எழுதி வாருங்கள். அமைதியாக இருந்த இரவுகளையும் மறைக்காமல் எழுதுங்கள், அது உங்கள் நேர்மைக்குச் சாட்சியாகும். பொலிஸுக்கு 119 இல் அழைத்த நேரங்களையும் குறியுங்கள். இயன்றால் நிலையத்துக்கு நேரில் சென்று முறைப்பாட்டைப் பதிவு செய்து அதன் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பல்கனியிலிருந்து எடுத்த சிறிய காணொளிகள் போதும். சாப்பிட வருபவர்களின் முகங்களைப் படம்பிடித்து முகநூலில் போடுவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். அப்படிச் செய்தவர்களின் நியாயமான முறைப்பாடுகள்கூட வீண் பகையாக மாறிப்போகின்றன. தொடர்மாடியின் நிர்வாகக் குழு ஒப்பமிட்டால் கடிதத்தின் கனம் கூடும். அதை மாநகர ஆணையாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதிகளைப் பிரதம மருத்துவ அதிகாரிக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கடையின் அனுமதிப்பத்திரத்தையும் அதிலுள்ள நிபந்தனைகளையும் கடைசியாக நடந்த பரிசோதனையின் குறிப்பையும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். உறங்கிக் கிடக்கும் கோவைகள் பல இந்த விண்ணப்பத்தினால் மேசைக்கு வந்திருக்கின்றன. அதற்கும் அசையாவிட்டால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது. அயலவர்களின் சுகத்துக்கோ உடல் அமைதிக்கோ கேடு விளைவிக்கும் தொழிலை நிறுத்தும்படி அல்லது பொது வழியிலுள்ள தடையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். கடைக்காரர் அவர்முன் தோன்றித் தம் பக்கத்தை எடுத்துக்கூறலாம். இந்தக் கட்டத்தில் ஒரு சட்டத்தரணியின் துணை தேவைப்படும். அங்கே போகாமலே, நிபந்தனைகள் மூலம் உங்கள் வீட்டுக்கு இரவு திரும்பக் கிடைக்கும் என்றே நம்புகிறேன்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் அப்பாவின் காலத்திலிருந்து நடக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு எதிராக அயலில் சிலர் மகஜர் கொடுத்திருக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு தடவை வந்து போனார். எங்களுடைய வியாபாரத்தில் பெரும் பகுதி இரவு பத்து மணிக்குப் பிறகுதான்: துறைமுகத்தில் வேலை முடித்து வருபவர்கள், ஓட்டோ ஓட்டுநர்கள், வைத்தியசாலையில் நோயாளியுடன் நிற்பவர்கள். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மறுத்துவிடுவார்களா? ஓர் உறுப்பினரைப் பிடித்துப் பேசலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– கடை உரிமையாளர், கொழும்பு 13

பதில்: உறுப்பினரைப் பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது இந்த ஆண்டைக் கடத்த உதவினாலும், அடுத்த டிசம்பரில் அதே மகஜர் மேலும் பல கையொப்பங்களுடன் திரும்பி வரும்.

நள்ளிரவில் சூடான சாப்பாடு கிடைக்கும் கடை கொழும்புக்குத் தேவை. இரவு வேலை செய்கிறவர்கள் பசியோடு வீடு போகக் கூடாது. 2022இல் எரிவாயுத் தட்டுப்பாட்டாலும் மின்வெட்டாலும் எத்தனையோ சிறு கடைகள் மூடப்பட்ட காலத்தைத் தாண்டி நின்ற கடைகளை நான் மதிப்போடு பார்க்கிறேன். அதனாலேயே, உங்கள் கடை நிலைக்க வேண்டுமானால் அயலவர்கள் உறங்க வேண்டும் என்று திருத்தமாகச் சொல்கிறேன்.

சட்டப்படி உங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. உங்கள் பக்கத்தைக் கேட்காமல் அனுமதிப்பத்திரத்தை மறுப்பது இயற்கை நீதிக்கு முரணானது. அவ்வாறு மறுக்கப்பட்டால், அந்த முடிவை நீக்கும்படி நீதிமன்றம் இடும் கட்டளையான எழுத்தாணையைக் கோரி நீதிமன்றம் செல்லலாம். ஆனால் வழக்கு என்பது மாதக்கணக்கில் நீளும், பணமும் கரையும். அந்தப் பணத்தில் சிறு பகுதியைக் கடையில் செலவிட்டால் வழக்கே தேவைப்படாமற் போகலாம். மகஜரின் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அது சபையின் கோவையில் மகஜருக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது கொத்துத் தட்டு. வாடிக்கையாளரை இழுப்பதற்காக அதை வீதியை நோக்கி வைப்பது வழக்கம். பத்து மணிக்குப் பிறகு உங்களுக்கு அந்த விளம்பரம் தேவையில்லை, வருகிறவர்கள் கடையைத் தெரிந்துதான் வருகிறார்கள். தட்டைக் கடையின் பின்பகுதிக்கு நகர்த்தி, அதன் கால்களுக்குக் கீழே தடித்த இறப்பர் வைத்து, முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் வெளியே போகும் ஓசை வெகுவாகக் குறையும். நேரம் செல்லச் செல்லக் கொத்தைக் குறைத்து அப்பம், இடியப்பம், சோறு போன்றவற்றை மட்டும் கொடுக்கும் கடைகளும் உண்டு. நடுநிசிக்குப் பிறகு நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம். டெலிவரி இளைஞர்கள் எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நிற்பதும் ஹோர்ன் அடிப்பதும் இன்னொரு பெரிய தொல்லை. பிரதான வீதியில் நிற்கச் சொல்லி, பார்சல் தயாரானதும் தொலைபேசியில் அழையுங்கள். சமையலறைப் புகையைப் பக்கத்து வீட்டு யன்னல் மட்டத்தில் வெளியேற்றாமல் கூரைக்கு மேல் குழாய் மூலம் கொண்டு செல்லுங்கள். எரிவாயு சிலிண்டர் இறக்குவதையும் பாத்திரம் கழுவும் தண்ணீரை வெளியேற்றுவதையும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு முன்னால் கூடிநின்று சத்தமாகப் பேசுபவர்களை மெதுவாக அனுப்பிவைக்க, அனுபவமுள்ள ஊழியர் ஒருவரை இரவில் வாசலில் நிறுத்துங்கள்.

இவற்றைச் செய்து முடித்த பின், மகஜரில் கையொப்பமிட்டவர்களிடம் நீங்களே போய் உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, "பொலிஸுக்கு எடுக்க முன் எனக்கு எடுங்கள்" என்று சொல்லுங்கள். அப்படி வரும் முதலாவது அழைப்புக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பேச்சு முறிந்தால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையில் இரு தரப்பும் அமர்ந்து உடன்பாட்டை எழுத்தில் கொண்டு வரலாம்.

கேள்வி: இலண்டனில் இரவு இரண்டு மணி வரை கொத்தும் பிரைட் ரைஸும் விற்கும் கடையொன்றை என் தம்பி நடத்துகிறார். அயலவர் முறைப்பாட்டினால் அவருடைய உரிமத்தை மீளாய்வு செய்யப்போவதாக உள்ளூர்ச் சபை அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. அவர் மிகவும் பயந்துபோயிருக்கிறார். அங்கே என்ன நடக்கும்? இங்கேயும் இப்படி ஒரு முறை இல்லையா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: தம்பி பயப்படத் தேவையில்லை, ஆனால் அறிவித்தலைப் பொருட்படுத்தாமல் இருந்தால் ஆபத்து. இங்கிலாந்தில் இரவு 11 மணிக்கும் அதிகாலை 5 மணிக்கும் இடையில் சூடான உணவோ பானமோ விற்பதற்கு 2003ஆம் ஆண்டின் உரிமமளித்தல் சட்டத்தின் கீழ் உரிமம் தேவை. அந்த உரிமம் பொதுவாகக் காலவரையின்றி நீடிக்கும். ஆண்டுக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும். நிரந்தரமான உரிமத்தை இடையில் கேள்விக்கு உட்படுத்த ஒரு வழி வேண்டுமல்லவா? அதுவே மீளாய்வு. குற்றச் செயல்களைத் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல் என்னும் நான்கு நோக்கங்களில் ஒன்றோடு தொடர்பான காரணம் இருந்தால், அயலவரோ பொலிஸாரோ சபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவோ அதைக் கோரலாம். கடையின் மீது வெறுப்பு, வியாபாரப் போட்டி போன்றவை காரணமாக மாட்டா.

அறிவித்தல் ஒட்டப்பட்டதிலிருந்து 28 நாட்களுக்கு எவரும் ஆதரித்தோ எதிர்த்தோ எழுத்தில் கருத்துக் கூறலாம். தம்பியின் வாடிக்கையாளர்களும், அயலில் அவரோடு நல்லுறவில் உள்ளவர்களும் எழுத வேண்டிய காலம் இதுதான். அதன் பின் வழமையாகச் சபை உறுப்பினர்கள் மூவர் கொண்ட உபகுழு முன்னிலையில் விசாரணை நடக்கும். எதுவும் செய்யாமல் விடுவது முதல், நிபந்தனைகளை மாற்றுவது, நேரத்தைக் குறைப்பது, மூன்று மாதங்கள் வரை உரிமத்தை இடைநிறுத்துவது, முற்றாக ரத்துச் செய்வது வரை எதையும் அது தீர்மானிக்கலாம். தீர்ப்பில் குறை கண்டால் 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீடு முடியும்வரை சாதாரண மீளாய்வுத் தீர்மானம் நடைமுறைக்கு வராது. விசாரணை நாளுக்கு முன்பே சுற்றாடல் சுகாதார அதிகாரியைச் சந்தித்து, கொட்டாஞ்சேனை வாசகருக்கு மேலே எழுதியவற்றைப் போன்ற ஏற்பாடுகளைத் தாமாகவே நிபந்தனைகளாக முன்வைக்கும்படி தம்பியிடம் சொல்லுங்கள். அவற்றில் சிலவற்றை நடைமுறைப்படுத்திவிட்டு விசாரணைக்குப் போனால் அவருடைய சொல்லுக்கு வலிமை கூடும். கடையின் சுற்றுப்புறத்தைத் தாண்டிச் சென்றுவிட்ட வாடிக்கையாளரின் நடத்தைக்கு அவர் பொறுப்பாளியல்ல என்பதும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட விடயம்; கடை வாசலில் நடப்பதற்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

இங்கே நிலைமை மறுபக்கமானது. எமது அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் முடிவடைவதால் மறுபரிசீலனைக்கான வாய்ப்பு இயல்பாகவே வருகிறது. ஆனால் அயலவரே தொடங்கிவைத்து, காலக்கெடுவுடன், இரு தரப்பும் பகிரங்கமாகப் பேசக்கூடிய ஒரு விசாரணை எமது கட்டளைச் சட்டத்தில் இல்லை. அதனால் அயலவரின் குரல் ஓர் அதிகாரியின் மேசையிலேயே நின்றுவிடுகிறது, கடைக்காரருக்கும் தம் பக்கத்தை மக்கள் முன் சொல்லும் இடம் கிடைப்பதில்லை. இது எனக்கு மிகுந்த கவலை தரும் குறை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த கொழும்பு மாநகர சபை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே இயங்கி, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகே மீண்டும் கூடியது. துணைவிதிகளை ஆக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. அமைச்சரின் அங்கீகாரமும் வர்த்தமானி அறிவித்தலும் கிடைத்தால் அவை சட்டமாகும். நடுநிசிக்குப் பின் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தனியான நிபந்தனைகளும், புதுப்பிக்கும் முன் அயலவர் கருத்தைக் கேட்கும் ஏற்பாடும் கொண்ட துணைவிதி ஒன்றைக் கொண்டுவரும்படி உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மாநகர சபைக்கு முறைப்பாட்டைத் தமிழில் எழுதினால் எடுப்பார்களா? சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரும்படி கருமபீடத்தில் சொன்னார்கள்.
– வாசகர், தெமட்டகொடை

பதில்: தமிழில் எழுதுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும், தமிழில் அலுவலர்களுடன் தொடர்புகொள்ளவும் அவர்களிடமிருந்து தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. கடிதத்தை ஏற்க மறுத்தால், மறுத்த திகதியையும் கருமபீடத்தையும் குறித்து, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். இன்றைக்கே அலுவல் நடக்க வேண்டுமென்றால், தமிழ்க் கடிதத்தோடு ஒரு பந்தியில் சிங்களச் சுருக்கமொன்றை இணைப்பதில் தவறில்லை. முதன்மைக் கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், உங்களிடம் இருக்கும் பிரதியில் திகதி முத்திரை இடுவித்த பிறகே கருமபீடத்தை விட்டு நகருங்கள்.